ஸ்கொட்லாந்தின் பழைய அரண்கள், பாறைச் செதுக்கல்கள், இடிந்த கோட்டைகள்: எட்டு நாளில் எதைப் பார்ப்பது?

பூண்டுலோயாப் பேரன் (வெள்ளவத்தை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

என் தந்தையார் பூண்டுலோயாவில் உள்ள டன்சினேன் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். தோட்டத்துப் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டித்தான் நான் ஆங்கில எழுத்துகளையே பழகினேன். அந்தப் பெயர் ஸ்கொட்லாந்தில் உள்ள ஒரு மலைக்கு உரியது என்பதும், அந்த மலையின் தலையில் ஒரு பழங்கோட்டையின் மிச்சம் கிடக்கிறது என்பதும் வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகுதான் எனக்குத் தெரிய வந்தன.

என் மகள் கிளாஸ்கோவில் முதுமாணிப் படிப்பை முடித்துவிட்டாள். பட்டமளிப்பு விழா டிசம்பர் தொடக்கத்தில் நடக்கிறது. விழாவுக்குப் பின் நானும் மனைவியும் எட்டு நாள் அங்கே தங்கலாம். இங்கே பயண முகவர்கள் தருகின்ற பட்டியல்களில் எடின்பரோ மாளிகை, ஏரி, விஸ்கி வடிசாலை, மறுபடியும் ஓர் ஏரி என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. எனக்கோ நாட்டுப்புறத்தில் ஆளரவமில்லாமல் கிடக்கின்ற பழைய அரண்களையும், கற்கால மனிதர் பாறையில் செதுக்கிய வட்டங்களையும், கூரை போன கோட்டைகளையும் பார்க்க வேண்டும்.

டிசம்பர் இதற்கு உகந்த மாதமா, அல்லது விழாவை முடித்துக்கொண்டு திரும்பி, வேறொரு முறை சித்திரையில் போவது நல்லதா? டன்சினேன் மலை ஏறுவதற்குத் தகுதியானதா, அல்லது பெயரளவில்தான் பெரியதா? மனைவிக்கு முழங்கால் வலி இருக்கிறது. சமதரையில் நன்றாக நடப்பார், படிகள் ஆகாது. மகளிடம் கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் உண்டு.

கல்லும் மண்ணும் (தெஹிவளை) பதில்:

ஐயா, நான் கிளாஸ்கோவில் தொல்லியல் படித்து நான்கு ஆண்டுகள் அங்கே இருந்தவன். வழிகாட்டுவதற்கு முன் ஒரு சொற்சிக்கலைத் தீர்த்துவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் விட்டுச்சென்றதையும் சீகிரியாக் குன்றின் மேல் இருப்பதையும் நாம் கோட்டை என்ற ஒரே சொல்லால் அழைத்துப் பழகிவிட்டோம். ஸ்கொட்லாந்தில் சுற்றுவதற்கு அந்த ஒரு சொல் போதாது. அங்கே இரும்புக் காலத்திலும் அதற்குப் பின் பிக்டியர் என்ற பழங்குடியினர் காலத்திலும் மலைமேல் மண்ணும் மரமும் கல்லும் கொண்டு எழுப்பப்பட்டவை ஒரு வகை. பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் பிரபுக்கள் சாந்து பூசிக் கட்டிய கல் மாளிகைகள் இன்னொரு வகை. முன்னதை அரண் என்றும் பின்னதைக் கோட்டை என்றும் சொல்லுகிறேன். பாறைச் செதுக்கல்கள் இவ்விரண்டையும் விட மிகப் பழையன. அவை நாலாயிரம், ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை.

உங்கள் தோட்டப் பெயரின் முற்பகுதியான 'டன்' என்பது ஸ்கொட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் அரணைக் குறிக்கும் சொல். அரண் நின்ற குன்றையும் அதே சொல்லால் குறிப்பார்கள். டம்பார்ட்டன் என்றால் பிரித்தனியர் என்ற பழங்குடியினரின் அரண். டிக்கோயாவில் ஒரு தோட்டத்துக்குப் பெயர் கொடுத்த டன்கெல்ட் என்றால் கலிடோனியரின் அரண். 'கிளென்' என்பது பள்ளத்தாக்கு, 'கிரேக்' என்பது பாறை, 'இன்வர்' என்பது ஆற்றுமுகம். மலையகத்துத் தோட்டப் பெயர்களில் பாதியை இந்த நான்கு சொற்களைக் கொண்டே பிரித்துவிடலாம். துரைமார் தங்கள் ஊர் நிலப்படத்தை நம் மலைகளின் மேல் விரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

டன்சினேன் மலைக்கு மனத்தைத் தயார்செய்துகொண்டு போங்கள். பேர்த் நகருக்கு வடகிழக்கே, சிட்லோ குன்றுத் தொடரில், 310 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உச்சியில் நிமிர்ந்து நிற்கும் சுவர் ஒன்றும் இல்லை. மலையை வளைத்துச் செல்கின்ற, புல் மூடிய கரைகள்தாம் இருக்கின்றன. நம்மூர்க் குளக்கட்டின் மேல் நிற்பதாக நினைத்துக்கொள்ளலாம். 1040 முதல் 1057 வரை ஸ்கொட்லாந்தை ஆண்ட மக்பெத் மன்னனின் கோட்டை இதுதான் என்பது நெடுங்கால மரபு. அந்த மரபை நம்பிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்வலர்கள் உச்சியைத் தோண்டினார்கள். மன்னன் அகப்படவில்லை, அரணின் உட்பகுதிதான் குலைந்தது. மலையின் ஒரு பக்கத்தைக் கல்லுடைக்கும் சுரங்கம் வேறு தின்றிருக்கிறது. ஆனாலும் அந்தப் பெயரைச் சிறு வயது முதல் சுமந்தவர் நீங்கள். போகாமல் திரும்பினால் ஆயுளுக்கும் உறுத்தும். நீங்களும் மகளும் ஏறுங்கள். அம்மா கீழே காரில் தேநீருடன் இருக்கட்டும்.

எட்டு நாளில் நான்கையாவது ஒரே இடத்துக்குக் கொடுக்கச் சொல்வேன். அந்த இடம் ஆர்கைல் பகுதியில் உள்ள கில்மார்ட்டின் பள்ளத்தாக்கு. கில்மார்ட்டின் சிற்றூரிலிருந்து ஆறு மைல் தூரத்துக்குள் 800க்கும் அதிகமான தொல்சின்னங்கள் இருக்கின்றன. உங்கள் மனைவியின் முழங்காலுக்கும் அதுவே பொருத்தம், ஏனென்றால் பெரும்பாலானவை பள்ளத்தாக்கின் சமதரையில், பசும்புல்வெளியில், வரிசையாகக் கிடக்கின்றன. கற்குவியல் சமாதிகள் ஒரே நேர்கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நெதர் லார்ஜி வடக்குச் சமாதிக்குள் இறங்கினால் கல்லறையின் மூடுகல்லில் கோடரித் தலைகளைச் செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம். அந்தப் பக்கத்துக்கு உலோகம் புதிதாக வந்த காலத்தில் எவனோ ஒரு பெரியவனைப் புதைத்த இடம் அது. பக்கத்திலேயே உள்ள டன்கிரெகெய்க் சமாதியில், இரவில் கைவிளக்குடன் உள்ளே நுழைந்த ஒருவர் மூடுகல்லின் அடிப்புறத்தில் கொம்புடைய மான்களின் உருவங்களைக் கண்டார். 2021ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட அந்தக் கண்டுபிடிப்புக்கு முன், அவ்வளவு பழைமையான விலங்குச் செதுக்கல் ஸ்கொட்லாந்தில் எங்கும் அறியப்பட்டிருக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆய்வாளர்கள் போய்வந்த சமாதி அது என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

அக்னபிரெக் பாறைகளுக்குக் காட்டு வழியாக ஒரு சிறு ஏற்றம் உண்டு. அங்கே பரந்த பாறைமுதுகின் மேல் கிண்ணக்குழிகளும், அவற்றைச் சுற்றி ஒன்றுக்கு வெளியே ஒன்றாக வளையங்களும் கொத்தப்பட்டிருக்கின்றன. பெரிய வளையம் ஏறத்தாழ ஒரு மீற்றர் விட்டம் உடையது. இரும்புளி இல்லாத காலம். கல்லால் கல்லைக் கொத்தி எடுத்திருக்கிறார்கள். பொருள் என்னவென்று உறுதியாகச் சொல்லுவோரை நம்பவேண்டாம். சூரியன், நிலப்படம், கருவறை, நீர்த்துளி விழுந்த அலை என்று விளக்கங்கள் குவிந்திருக்கின்றன. பாறை எதையும் ஒப்புக்கொண்டதில்லை. உச்சிவெயிலில் போனால் வெறும் பாறையைத்தான் காண்பீர்கள். வெளிச்சம் படுக்கையாக விழ வேண்டும், பாறை சற்று நனைந்திருக்க வேண்டும். அப்போது கோடுகள் எழுந்து நிற்கும். டிசம்பர்ச் சூரியன் நாள் முழுவதும் அடிவானத்தை ஒட்டியே போவதாலும், கோடையில் பாறைகளை மூடிவிடுகின்ற பன்னச்செடி அப்போது பட்டுப்போய்க் கிடப்பதாலும், செதுக்கல் பார்ப்பதற்கு நான் டிசம்பரை வெறுக்கமாட்டேன்.

டனாட் அரணைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மொய்ன் வோர் என்னும் பெரிய சதுப்புநிலத்தின் நடுவே ஒற்றையாக எழும் பாறைக்குன்று அது. உயரம் 54 மீற்றர்தான். நம் முன்னோர் நீரரண், நிலவரண், மலையரண், காட்டரண் என்று பிரித்தார்கள் அல்லவா, டனாட்டில் சதுப்பும் பாறையும் சேர்ந்து இரண்டு அரண்களை ஓரிடத்தில் தந்திருக்கின்றன. அயர்லாந்தின் வடகிழக்கிலும் இந்தக் கரையிலும் பரவியிருந்த டால் ரியாட்டா அரசின் தலைமையிடம் இதுவே. 683இல் இது முற்றுகையிடப்பட்டதாகவும், 736இல் பிக்டிய மன்னன் ஒருவன் இதைக் கைப்பற்றியதாகவும் அயர்லாந்து ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. அகழ்ந்தபோது அணிகலன் வார்க்கும் அச்சுகளும், இன்றைய பிரான்சிலிருந்து கப்பலில் வந்த மட்பாண்டத் துண்டுகளும் கிடைத்தன. மேலே ஒரு பாறைத்தளத்தில் ஒற்றைப் பாதச்சுவடு ஒன்று குடையப்பட்டிருக்கிறது; அருகே ஒரு காட்டுப்பன்றியின் கோட்டுருவமும் ஓகம் என்ற பழைய அயர்லாந்து எழுத்துகளும் உண்டு. முடிசூடும் மன்னன் அந்தச் சுவட்டில் கால் வைத்து நிலத்தோடு தன்னைப் பிணைத்துக்கொண்டான் என்று கருதப்படுகிறது.

இடிந்த கோட்டைக்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கில்மார்ட்டினுக்குச் சற்று வடக்கே கார்னாசரி இருக்கிறது. 1560களில் அதைக் கட்டிய ஜோன் கார்ஸ்வெல் என்ற பாதிரியார்தான் 1567இல் கேலிக் மொழியின் முதல் அச்சு நூலை வெளியிட்டவர். கொல்லத்தில் தமிழ் எழுத்தில் முதல் நூல் அச்சேறியது 1578இல். பதினொரு ஆண்டு இடைவெளியில் இரண்டு மொழிகளும் அச்சுக்கு வந்திருக்கின்றன, இரண்டும் சமயப் பணிக்காகத்தான். இதை நான் கார்னாசரியின் வாசல் மேல் இருந்த கேலிக் வரியை அண்ணாந்து பார்த்தபடி யோசித்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

நெடுந்தீவான் (பம்பலப்பிட்டி) பதில்:

முன்னவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். டிசம்பரைப் பற்றிச் சொன்னதை மட்டும் ஏற்கமாட்டேன். நான் அபடீனில் ஆறு குளிர்காலங்கள் வேலை பார்த்தவன். டிசம்பரில் காலை எட்டரைக்குப் பிறகே விடியும், பிற்பகல் நான்கு மணிக்குள் சூரியன் போய்விடும். ஏழு மணி நேரப் பகலில் பயணத்தைக் கழித்தால் பார்ப்பதற்கு என்ன மிஞ்சும்? அதுவும் மழை இல்லாத நாளாக இருந்தால்.

கிழக்குப் பக்கத்தில் இன்னொரு தடையும் உண்டு. பிக்டியர் செதுக்கிய நின்ற கற்களில் தலைசிறந்தவை அங்கஸ் பகுதியில் அபர்லெம்னோ என்ற சிற்றூரின் சாலையோரத்திலும் தேவாலய முற்றத்திலும் நிற்கின்றன. உறைபனி கல்லைப் பிளக்காமல் இருப்பதற்காக, செப்டெம்பர் முடிவில் அவற்றுக்கு மரப்பெட்டி போட்டு மூடிவிடுவார்கள், ஏப்ரலில்தான் திறப்பார்கள். டிசம்பரில் போனால் பெட்டியைப் பார்த்துவிட்டு வரலாம். முற்றத்துக் கல்லின் ஒரு முகத்தில் குதிரைவீரரும் காலாட்களும் மோதுகின்ற போர்க்காட்சி இருக்கிறது. இறுதியில் விழுந்து கிடப்பவனைப் பறவை கொத்துகிறது. 685இல் பிக்டியர், இன்றைய வட இங்கிலாந்தில் இருந்த நோர்தம்பிரிய அரசின் மன்னன் எக்ஃப்ரித்தை வென்று கொன்ற போரே அது என்று பலரும் கருதுகிறார்கள். ஒரு வீரகல்லைப் பார்க்கும் உணர்வு வரும். அதைப் பெட்டிக்குள் விட்டுவிட்டு வருவது நியாயமில்லை.

கோட்டை என்றால் டன்னொட்டர். அபடீனுக்குத் தெற்கே உள்ள ஸ்டோன்ஹேவனிலிருந்து கரையோரமாக நடந்தால், மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த செங்குத்துப் பாறையின் மேல் திடீரென்று தெரியும். 1651இல், இங்கிலாந்தில் மன்னராட்சியை ஒழித்த குரொம்வெல்லின் படை வந்தபோது ஸ்கொட்லாந்தின் மணிமுடியையும் செங்கோலையும் வாளையும் இங்கேதான் ஒளித்துவைத்தார்கள். முற்றுகை எட்டு மாதம் நீடித்தது. கோட்டை விழுந்தபோது முடி அங்கே இல்லை. முன்கூட்டியே கடத்திச்சென்று கினெஃப் தேவாலயத்தின் தரைக்கு அடியில் புதைத்திருந்தார்கள். 1660இல் மன்னராட்சி திரும்பும் வரை அது அங்கேயே இருந்தது. சற்று வடக்கே, கடலில் தனித்து நிற்கும் டனிகேர் பாறைத்தூணின் மேல் பிக்டியரின் மிகப் பழைய அரண் ஒன்று இருந்ததை 2015 முதல் நடந்த அகழ்வு காட்டியது. கயிறு கட்டி ஏறினால்தான் போகலாம், ஆகவே கரையிலிருந்து பாருங்கள். இந்தப் பகுதியிலிருந்துதான், லூல்கந்துராவில் 1867இல் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் இளைஞனாகக் கிளம்பி வந்தார். மலையகத்துப் பிள்ளையான உங்களுக்கு அதுவும் ஒரு காரணம்.

உருகிய மதில்களைப் பற்றி முன்னவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு அது வியப்பாக இருக்கிறது. அபடீன்சயரில் டாப் ஓ நோத் என்ற 563 மீற்றர் மலையின் உச்சியில் உள்ள மதிலின் கற்கள் கண்ணாடிப் பாகாக உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. கற்களுக்கிடையே மரச்சட்டம் வைத்துக் கட்டிய மதில் எரிந்தால் இப்படி ஆகுமா என்பதை 1937இல் தொல்லியலாளர் கோர்டன் சைல்டும் அவருடைய தோழர் ஒருவரும் ஒரு சிறு சுவரைக் கட்டி, விறகு குவித்து எரித்தே சோதித்தார்கள். கல் உருகத்தான் செய்தது. பகைவர் எரித்தார்களா, சொந்தக்காரரே சடங்காக எரித்தார்களா என்பது இன்றும் வாதம். அந்த மலையின் தாழ்ந்த சரிவில் 800 வரையான குடிசைத்தளங்கள் இருந்ததை அபடீன் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்டார்கள். சித்திரையில் போங்கள் ஐயா. ஆனியில் போனால் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி மேற்குப் பக்கத்தில் உங்களைத் தின்றுவிடும். நம்மூர் நுளம்பு அதன் முன் பெரிய மனிதன்.

கிருலப்பனை மருமகள் பதில்:

நாங்கள் டிசம்பரில்தான் போனோம், என் மாமியாரின் முழங்காலோடு. ஆகவே அனுபவத்திலிருந்து சில வரிகள்.

கிளாஸ்கோ நகருக்குள்ளேயே ஒரு நாளுக்குப் பார்க்க இருக்கிறது. நிலக்கீழ் ரயிலில் கோவன் நிலையத்தில் இறங்கினால், பழைய தேவாலயத்துக்குள் ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரையான 31 செதுக்குக் கற்கள் இருக்கின்றன. அவற்றில் ஐந்து, படுத்திருக்கும் பெரிய விலங்கின் முதுகைப் போல் வளைந்த கல்லறைக் கற்கள். மழையும் இல்லை, படியும் இல்லை. மாமி அங்கிருந்து எழுந்து வரவே மறுத்தார். திறந்திருக்கும் நாள்களை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். டம்பார்ட்டன் பாறை ரயிலில் அரை மணித்தூரம்தான், 870இல் வைக்கிங்குகள் நான்கு மாதம் முற்றுகையிட்டு வீழ்த்திய அரண். ஆனால் 550க்கும் மேற்பட்ட படிகள். அம்மாவைக் கீழே இருத்திவிடுங்கள்.

கில்மார்ட்டினுக்குப் போகின்ற ஏ83 சாலை, ரெஸ்ட் அண்ட் பி தேங்க்ஃபுல் என்ற கணவாயில் மண்சரிவால் அடிக்கடி மூடப்படும். மலையகத்தாருக்கு மண்சரிவைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. காலையில் கிளம்புமுன் சாலை நிலவரத்தைப் பாருங்கள். உள்ளூர்ச் சாலைகளில் ஒரு கார் போகும் அகலமே உண்டு. எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கென்று இடங்கள் விட்டிருக்கிறார்கள், அங்கே காரை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போகக்கூடாது. அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுவது என்பதால் மகளுக்குச் சிரமம் இராது. வேலி தெரிந்தால் தயங்கவேண்டாம். 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் நிலத்திலும் பொறுப்போடு நடந்துபோக உரிமை உண்டு. படலையைத் திறந்தவர் மூட வேண்டும், ஆட்டுக்குட்டி ஈனும் காலத்தில் மந்தைக்குள் போகக்கூடாது, அவ்வளவுதான்.

பூண்டுலோயாப் பேரன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு சந்தேகம். டனாட்டில் இப்போது காணும் பாதச்சுவடு உண்மையானது அன்று, அதன் மேல் பிரதி ஒன்றைப் பதித்திருக்கிறார்கள் என்று மகள் சொல்கிறாள். பிரதியில் கால் வைப்பதற்காக அவ்வளவு தூரம் போவதா? சிவனொளிபாதமலையில் படியேறியவன் நான், அங்கேயும் மூடித்தான் வைத்திருக்கிறார்கள் என்பது வேறு கதை.

கல்லும் மண்ணும் பதில்:

மகள் சொன்னது சரி. மூலச்சுவடு தேய்ந்துவிடாமல் இருக்க, அதே இடத்தில் அதன் மேல் வார்ப்புப் பிரதியைப் பொருத்தியிருக்கிறார்கள். அசல், உங்கள் காலடியில் சில அங்குலம் கீழே இருக்கிறது. காலை வைத்துவிட்டு நிமிர்ந்து பாருங்கள்: சதுப்புநிலம், வளைந்து வளைந்து ஓடும் அட் ஆறு, மேற்கே கடல். அந்தக் காட்சிக்குப் பிரதி கிடையாது. சுவடு எதற்காக அந்த இடத்தில் குடையப்பட்டது என்பது அங்கே நின்றால் தானாக விளங்கும்.

மூடிவைப்பதைக் குறைசொல்லவும் முடியாது. உங்கள் மகள் இருக்கின்ற கிளாஸ்கோவின் ஓரத்தில், ஃபைஃப்லி என்ற குடியிருப்புக்குப் பக்கத்தில், கொக்னோ கல் என்ற மாபெரும் பாறை இருக்கிறது. ஏறக்குறைய 13 மீற்றருக்கு 8 மீற்றர். ஐரோப்பாவிலேயே சிறந்த கிண்ணக்குழி வளையங்களுள் சில அதன் மேல் உள்ளன. 1937இல் ஓர் ஆர்வலர் கோடுகள் தெரிவதற்காக அதற்கு எண்ணெய்ச்சாயம் பூசினார். பார்க்க வந்தவர்கள் தங்கள் பெயர்களை வெட்டினார்கள். 1965இல் மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். 2015இலும் 2016இலும் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தார் அதைத் திறந்து, முப்பரிமாணத்தில் பதிவுசெய்து, மறுபடியும் மூடினார்கள். இன்று அங்கே போனால் புல்தரை மட்டும்தான். அக்னபிரெக்கில் படம் எடுக்கும்போது கோட்டின் மேல் சோக்குக் கட்டியால் தீட்டுவது, பாசியைச் சுரண்டுவது போன்றவற்றைச் செய்யவேண்டாம். கைவிளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால் போதும், மாலை நான்கு மணி இருட்டில் அது இன்னும் நன்றாகத் தெரியும்.

நெடுந்தீவான் பதில்:

எங்கள் தீவிலும் பாறையில் ஒரு பெரிய பாதச்சுவட்டைக் காட்டுவார்கள். சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் கால் வைத்து அளந்து பார்த்தவர்கள்தாம். சாந்தில்லாமல் பவளக்கல்லை அடுக்கிய வேலிகளுக்கிடையே வளர்ந்த எனக்கு, ஷெட்லாந்தில் மௌசாத் தீவில் 13 மீற்றர் உயரத்துக்குச் சாந்தே இல்லாமல் அடுக்கிய இரும்புக் காலக் கோபுரத்தைப் பார்த்தபோது சொந்த ஊர் மேஸ்திரிமார் நினைவுக்கு வந்தார்கள். இரட்டைச் சுவர், நடுவே சுழன்று ஏறும் படி. அங்கே படகு ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரைதான். மறுபடியும் சொல்கிறேன், சித்திரை.

பூண்டுலோயாப் பேரன் எழுதியது:

வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டோம். டிசம்பரில் விழா முடிந்ததும் கோவனில் ஒரு நாள், கில்மார்ட்டினில் நான்கு இரவு. டன்சினேனுக்கு மகளே ஒரு நாள் கார் ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்; கிளாஸ்கோவிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கிழக்குக் கரையையும் அபர்லெம்னோக் கற்களையும் பெட்டி திறக்கும் வரை விட்டுவைக்கிறோம். மனைவி உருகிய மதிலைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்கிறார், அது 563 மீற்றர் மலையின் உச்சியில் இருக்கிறது என்பதை இன்னும் சொல்லவில்லை.

தோட்டத்துப் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து அனுப்பும்படி பூண்டுலோயாவில் இருக்கின்ற அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். வந்ததும் இங்கே இடுகிறேன். மலையுச்சியில் எடுக்கும் படத்தை டிசம்பரில் அதற்குக் கீழே சேர்க்கிறேன்.